ஒன்று, சைபர், ஒன்று

அத்தியாயம் 3

"திருடன் எனக்கே பணம் அனுப்பியிருக்கான் மேடம்," என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடைக்காரர் அழாத குறையாக மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிரேக் தன் நாற்காலியை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்திப் போட்டான். மூன்று வருடத் துப்பறியும் வாழ்க்கையில் காணாமல் போன கிளி, காணாமல் போன மாப்பிள்ளை, காணாமல் போனதாகச் சொல்லப்பட்ட மாமியார் என்று எல்லா ரகத்தையும் பார்த்துவிட்டான். பொருளைத் திருடிவிட்டு, பறிகொடுத்தவனுக்குப் பணத்தையும் கட்டும் உத்தமனை இப்போதுதான் கேள்விப்படுகிறான்.

"அவர் அட்ரஸ் இருக்கா சார்? எங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லணும்."

"பிரேக்கு," என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவனுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு வருடம் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவன். புதிதாக ஓட்டுகிறவர்களின் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து, எந்த வண்டியில் ஏறினாலும் இல்லாத பிரேக்கை வலது கால் தானாக அழுத்தும். ஸ்கூலை இழுத்து மூடியதும் அவனுடைய அண்ணன், "சும்மா இருக்கறதுக்கு உங்க அண்ணிக்கு ஒத்தாசையா இரேன்" என்று அனுப்பி வைத்தார். அண்ணியும் நேராகத் துப்பறிய வந்தவள் இல்லை. பதினெட்டு வருடம் பத்திரிகையில் வரி விளம்பரங்களுக்குப் பிழை திருத்தியவள். வீடு வாடகைக்கு, நாய்க்குட்டி விற்பனைக்கு, மணமகன் தேவை என்று ஊரே மூன்று மூன்று வரியில் அவள் மேஜைக்கு வந்து போயிருக்கிறது. மூன்று வரியை வைத்துக்கொண்டு ஆளையே சொல்லிவிடுவாள். சாவி வெட்டும் கடைக்கு மேலே இருந்த இந்த ஒற்றை அறையின் வாசலில் அவள் மாட்டியிருந்த பலகையில் 'பிழைகள் கண்டுபிடிக்கப்படும்' என்று மட்டும்தான் இருந்தது.

அன்று காலையிலிருந்தே அவள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். 'நிலவே, செருப்பைக் கழற்றிவிட்டு வா' என்ற பழைய பாட்டை முணுமுணுத்தபடி ஃபைல்களை அடுக்கினாள். "இன்னிக்கு அஞ்சு மணிக்கே ஆபீசைச் சாத்திடலாம்" என்று வேறு சொல்லியிருந்தாள். மணி நாலடிக்கிற நேரம் பார்த்துத்தான் மருந்துக்கடைக்காரர் படியேறி வந்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பாட்டுக் கச்சேரி மேடம். அந்தப் பாட்டியம்மா இனிமே மேடை ஏற மாட்டேன்னு சொல்லிட்டாங்களே, அவங்களோட கடைசிக் கச்சேரி. மூணு டிக்கெட் வாங்கினேன். எனக்கு, என் ஒய்ஃபுக்கு, என் மாமனாருக்கு. அவருக்கு அந்தம்மா பாட்டுன்னா உயிரு. டிக்கெட் வந்த அன்னிக்கு அவர் முகத்தைப் பார்க்கணும் நீங்க."

"அப்புறம்?"

"ஆறு நாள் முன்னாடி ஒரு மெயில் வந்துது. 'உங்கள் இருக்கைகள் விற்பனைக்கு வைக்கப்பட்டுள்ளன'ன்னு. 'கைமாற்று'ன்னு ஒரு தளம், வேண்டாத டிக்கெட்டை வேற ஆளுக்கு விக்கறதுக்கு. அதுல என் பேர்ல யாரோ வெச்சிருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒரு சீட்டுக்கான பணம் என் கணக்குக்கே வந்துடுச்சு. நான் விக்கவே இல்ல மேடம்!"

அவர் போனைத் திறந்து நீட்டினார். அண்ணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்தொண்ணு போயிடுச்சு. இருபத்து மூணு இன்னும் நிக்குது. இல்லையா?" என்றாள்.

"ஆமாம் மேடம்."

பிரேக்கின் மனதில் செருப்புக்குள் புகுந்த சிறுகல் மாதிரி ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடவில்லை. அதற்குள் அண்ணி அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"மீதி இருக்கறதை நீங்க திரும்ப எடுத்துக்கலாமே?"

"விக்க வெச்சவங்க போட்ட ரகசியச் சொல் கேக்குது. என் ஒய்ஃப் பேர், கல்யாண நாள், கடை லைசென்ஸ் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்துட்டேன்." அவர் குரல் இறங்கியது. "சீட் போனாக்கூடப் பரவாயில்ல மேடம். அந்த மெயில் வந்த நாள்லேர்ந்து என் ஒய்ஃப் என்கூட ஒரு வார்த்தை பேசலை. என் பேர், என் கணக்கு, எனக்கே பணம். நான்தான் வித்தேன்னு நினைச்சுக்கிட்டா. கல்யாணம் ஆகி இருபது வருஷத்துல அரை நாள் பேசாம இருந்ததில்ல. இப்ப ஆறு நாள். இன்னிக்குக் கச்சேரிக்கு முன்னாடி நான் இல்லேன்னு நீங்க நிரூபிக்கணும். இல்லேன்னா நான் அந்த வீட்ல இருக்கறதுல அர்த்தமே இல்ல."

அவர் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. பிரேக் வாய் வரை வந்த கிண்டலை விழுங்கிக்கொண்டு போனை வாங்கி உரக்கப் படித்தான்.

"வரிசை சி. இருக்கை 21, 22, 23. 1-0-1. மேடை முழுதும் தெரியும். மின்விசிறி நேர் மேலே உள்ளது. சளித் தொல்லை உள்ளவர்கள் தவிர்க்கவும். எச்சரிக்கை: பக்கத்து இருக்கைக்காரர் கூடவே பாடுவார். கூடப் பாடத் தெரிந்தவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஏற்றதல்ல."

படித்து முடித்ததும் அவனால் அடக்க முடியவில்லை. "அண்ணி, விக்கற பொருளைப் பத்தி இவ்வளவு உண்மை சொல்ற ஆளு திருடனா இருக்க வாய்ப்பே இல்ல!"

"அதை விடு. வித்தவர் ஏன் இந்தத் தளத்துக்குப் போனார்னு யோசி. வாங்கின டிக்கெட்டை விக்க மூணு தளம் இருக்கு. நீ திருடன்னு வெச்சுக்க."

"சந்தோஷமா."

"முதல் தளம் 'சீட்டுச்சந்தை'. என்ன விலை வேணும்னாலும் கேக்கலாம். ஆனா பணம் கச்சேரி முடிஞ்ச மறுநாள்தான் வரும். நடுவுல யாராவது புகார் குடுத்தா நிறுத்திடுவாங்க."

"பணத்துக்காக நான் காத்திருந்தா, எனக்காகப் போலீஸ் காத்திருக்கும். வேணாம்."

"ரெண்டாவது 'டக்டிக்கெட்'. ஒரு கேள்வி கேக்க மாட்டான், அடுத்த நிமிஷம் பணம். ஆனா பாதியை அவனே எடுத்துக்குவான்."

"போனா போகட்டும். நான் என்ன கையைக் கடிச்சுக்கிட்டா வாங்கினேன்? டக்தான் நம்ம கடை."

"மூணாவது 'கைமாற்று'. அச்சடிச்ச விலைக்கு மேல கேக்கவே முடியாது. முதல்ல வாங்கினவர் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட்டாத்தான் விக்க முடியும். பணமும் அவர் கணக்குக்குத்தான் திரும்பும். வாங்கறவர் பேரை அச்சடிச்சுப் புது டிக்கெட் கொடுப்பாங்க. அப்புறம் அதை வேற யாருக்கும் மாத்த முடியாது. ஒரே ஒரு தடவைதான் கை மாறும்."

"திருடன் அங்க போறதும் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல கடை போடறதும் ஒண்ணு அண்ணி."

"நம்ம ஆள் அங்கதான் போயிருக்கார்," என்று சொல்லி அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "அவருக்கு டிக்கெட்டும் வேணாம், பணமும் வேணாம். அந்தச் சீட்ல வேற யாராவது வந்து உக்காரணும். அது போதும்."

மருந்துக்கடைக்காரர் முகம் தொங்கிப்போய், பிரேக்கிடமிருந்து போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிரேக் அதைக் கவனித்துவிட்டான்.

ஐந்து நிமிடத்தில் அவர் ஸ்கூட்டரில் முன்னால் போக, அண்ணியின் முட்டை வடிவக் காரில் இருவரும் பின்தொடர்ந்தார்கள். அண்ணி வண்டி ஓட்டுவதும் பிழை திருத்துவது போலத்தான். எதையும் விடமாட்டாள், எங்கும் நிற்கவும் மாட்டாள். பிரேக்கின் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது," என்றான்.

"அப்படியா?"

"வித்தது அவரேதான். அவரு போன், அவரு கணக்கு. 'வேற யாராவது வந்து உக்காரணும்'னு நீங்க சொன்னதும் மூஞ்சி செத்துப் போச்சு பார்த்தீங்களா? மாமனார் கூடவே பாடுவாராம். பக்கத்துல உக்கார இவருக்கு வெக்கம். சீட்டை வித்துட்டு, பொண்டாட்டிகிட்ட நல்ல பேர் வாங்க நம்மளைக் கூப்பிட்டிருக்காரு. ஊர்ல எத்தனையோ ஏஜென்சி இருக்க, எதுக்கு நம்மகிட்ட வந்தாரு? நம்மளால கண்டுபிடிக்க முடியாதுன்னு நம்பி வந்திருக்காரு!"

"அது நமக்குப் பெருமையா?"

"லாரி! லாரி!" என்று கத்தியபடி பிரேக் தரையை மிதித்தான். லாரி தப்பித்துக்கொண்டது.

மருந்துக்கடை சின்னதாக, சுத்தமாக இருந்தது. சுவர் முழுக்க வெள்ளை இழுப்பறைகள். கண்ணாடி மேஜைக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கடையை ஆரம்பித்தவர் அவர்தான். இப்போது மாப்பிள்ளை நடத்துகிறார். மகள் குடும்பமும் அவரும் மாடியில் குடியிருந்தார்கள். பெரியவர் யாரோடும் பேசவில்லை. இரண்டு விரல் மட்டும் மேஜைமேல் தட்டிக்கொண்டிருந்தது. பிரேக்குக்கு அந்தத் தாளம் எங்கோ கேட்ட மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வா.

பெரியவர் ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கையை முழு நீளத்துக்கு நீட்டிப் பார்த்தார். அப்புறம் மூக்கருகே கொண்டுவந்து பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை.

"கண்ணு, இதுல என்ன தேதி போட்டிருக்குன்னு பாரும்மா," என்று மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அவருடைய மகள் இறங்கி வந்தாள். கையிலிருந்த துண்டின் நுனியை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். அட்டையைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசாமல் மாதத்தை விரல் விட்டுக் காட்டினாள். புருஷனைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"பார்த்தீங்களா மேடம், அழறா," என்று கிசுகிசுத்தார் மருந்துக்கடைக்காரர். "ஆறு நாளா இப்படித்தான். என்னைப் பார்த்தாலே அழறா."

அப்போது ஓர் அம்மாள் மருந்துச் சீட்டோடு வந்தார். மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாத்திரைகளை எடுத்துக் காகித உறையில் போட்டார். பேனாவை எடுத்து உறைமேல் பழக்க வேகத்தில் எதையோ எழுதி நீட்டினார்.

"காலைல ஒண்ணு, மத்தியானம் வேணாம், ராத்திரி ஒண்ணு."

பிரேக் உறையை எட்டிப் பார்த்தான். 1-0-1.

அவனுக்குள் டிரைவிங் டெஸ்டில் முதல் தடவையே பாஸான சந்தோஷம் பொங்கியது. அந்த அம்மாள் கடையை விட்டு இறங்கும் வரைதான் பொறுத்தான்.

"சார், நீங்கதான்!"

"என்ன நான்தான்?"

"விளம்பரத்துல 1-0-1. உறைமேல 1-0-1. 'சளித் தொல்லை உள்ளவர்கள் தவிர்க்கவும்', 'மற்றவர்களுக்கு ஏற்றதல்ல'. இப்படி எழுதறது மருந்துக்காரரைத் தவிர யாரு? டிக்கெட் விக்கறோமா, டானிக் விக்கறோமான்னே தெரியாம எழுதியிருக்கீங்க!"

மருந்துக்கடைக்காரர் போனை எடுத்துப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. "ஒரு நாளைக்கு நூறு தடவை எழுதறேன். அதனாலயே என் கண்ணுல படலை," என்றார். பிறகு படியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "நான் எழுதலைம்மா! சத்தியமா இல்ல!" என்றார்.

படியில் தோள் இன்னும் வேகமாகக் குலுங்கியது.

"இவன் சொன்னதுல பாதி சரி," என்றாள் அண்ணி. "எழுதினது மருந்துக்காரர்தான். ஆனா இந்தக் கடையில ரெண்டு மருந்துக்காரர் இருக்காங்க."

மேஜைமேல் தாளம் நின்றது.

"1-0-1னா என்ன? இருபத்தொண்ணு விக்கறோம், இருபத்து ரெண்டு விக்கலை, இருபத்து மூணு விக்கறோம். நடு சீட்ல யார் உக்கார்றதா இருந்தீங்க?"

மருந்துக்கடைக்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார். "மாமாதான்... அவர் பொண்ணு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்னு..."

"பிரேக்கு சொன்ன மாதிரி பக்கத்துல உக்காரப் பிடிக்காம நீங்க வித்திருந்தா, உங்க சீட் ஒண்ணைத்தான் வித்திருப்பீங்க. மனைவி சீட்டை எதுக்கு விக்கணும்? ரெண்டு பக்கமும் காலி பண்ணி, நடுவுல தனக்கு மட்டும் சைபர் போட்டுக்கிட்டவர் வேற."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் மாத்திரை அட்டையை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"மாமா?"

"என்ன மாப்பிள்ளை இப்ப?" என்று பெரியவர் அட்டையைக் கீழே வைத்தார். பிடிபட்டவர் மாதிரியே பேசவில்லை. ஏதோ மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல ஆரம்பித்தார். "ஒரு வாரம் யோசிச்சுத்தான் செஞ்சேன். சீட்டுச்சந்தைக்கு வீரியம் ஜாஸ்தி. காசு பார்க்கறவன் வாங்குவான், இன்னொருத்தன்கிட்ட விப்பான், கடைசியில சீட் காலியாக் கிடக்கும். டக்டிக்கெட்டை அலமாரியிலயே வைக்கக்கூடாது. கைமாற்றுல லாபம் கிடையாது, அதனால பாட்டு கேக்கறவன்தான் வாங்குவான். அவன் பேர்தான் டிக்கெட்ல இருக்கும், அதனால அவன்தான் வந்து உக்காரணும். பக்க விளைவே இல்ல. உங்க காசும் உங்களுக்கே வந்துடும்னு பார்த்துக்கிட்டேன். மூணோட விதிமுறையையும் ஒரு வரி விடாம படிக்கச் சொல்லிக் கேட்டேனே!"

"யாரைப் படிக்கச் சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

பெரியவர் மாத்திரை அட்டையை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை நேராகப் பிடித்தார்.

"மாத்திரை அட்டையில தேதி படிக்கவே உங்களுக்கு ஆள் வேணும். மாப்பிள்ளை போனுக்கு வந்த ரகசிய எண்ணை யார் படிச்சது? விளம்பரத்தை யார் அடிச்சது? உங்க மாப்பிள்ளை தூங்கறப்போ அவர் தலைமாட்டுலேர்ந்து போனை எடுக்க இந்த வீட்ல யாரால முடியும்?"

மருந்துக்கடைக்காரர் படியைப் பார்த்தார். அவருடைய மனைவி துண்டை இரண்டு கையாலும் வாயில் அழுத்திப் பார்த்தாள். முடியவில்லை. ஆறு நாளாகத் தேக்கி வைத்திருந்த சிரிப்பு ஒரேயடியாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது. படியிலேயே சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

"அழலை சார்," என்றான் பிரேக். "இது வேற வியாதி."

"என்னால... என்னால முடியலைங்க," என்று அவள் மூச்சு வாங்கினாள். "அன்னிக்கே சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க என்னடான்னா கூரியர்காரரை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டீங்க. மறுநாள் எல்லா பாஸ்வேர்டையும் மாத்திட்டு, மாத்தினதை மறந்துட்டு, சொந்த போனுக்குள்ளயே போக முடியாம அலைஞ்சீங்க. அப்புறம் ஒரு டார்ச் வாங்கிட்டு வந்து வாசல்ல காலடித் தடம் தேடினீங்க. வாயைத் திறந்தா சிரிச்சுடுவேன்னுதான் பேசவே இல்ல."

"ஆறு நாள்!" என்றார் அவர். "நான் ஆறு நாளா சரியா சாப்பிடலை!"

"அதான் பாவமாவும் இருந்துது."

"ஆனா ஏன்? எதுக்கு?" அவர் குரலில் இப்போது நிஜமான வருத்தம் இருந்தது. "எவ்வளவு பாடுபட்டு வாங்கின டிக்கெட். மாமாவுக்காகத்தானே வாங்கினேன்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் ஒரு கச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? அப்பா மெதுவாத்தான் கூடப் பாடினாரு. நீங்க அத்தனை பேர் பார்க்க அவர் தொடையைத் தட்டி, வாயில விரலை வெச்சு 'ஷ்ஷ்'னீங்க. சின்னக் குழந்தையைச் சொல்ற மாதிரி. அன்னிலேர்ந்து அவர் பாடறதில்ல. கச்சேரியில மட்டும் இல்லைங்க. கடையில, குளிக்கும்போது, எங்கயும். நாப்பது வருஷமா இந்தக் கடையில பாட்டு இல்லாம ஒரு மாத்திரை வித்ததில்ல. இப்ப விரலால தட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. உங்களுக்குத் தெரியவே இல்ல."

பெரியவர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே பளபளவென்றிருந்த மேஜை.

"இது அந்தம்மாவோட கடைசி மேடை," என்றாள் அவள். "ரெண்டு பக்கமும் கூடப் பாடறவங்களா இருந்தா நல்லா இருக்கும்னு அப்பா கேட்டாரு. என் சீட்டையும் சேர்த்து நான்தான் விக்க வெச்சேன். எனக்கும் பாட வராது."

மருந்துக்கடைக்காரர் நின்ற இடத்திலேயே கொஞ்சம் சுருங்கிப் போனார். அவருக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் ஸ்டூல் பக்கத்தில் நின்றார்.

"மாமா, எனக்குத் தோணவே இல்ல. தப்பு என்மேலதான்."

"விடுங்க மாப்பிள்ளை."

"இருபத்து மூணு இன்னும் விக்கலை. நான் வரட்டுமா?"

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விளம்பரம் படிச்சீங்களா? கூடப் பாடத் தெரிந்தவர்களுக்கு மட்டும்."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அண்ணி, பிரேக், மனைவி, அப்போதுதான் இருமல் மருந்துக்கு வந்து நின்ற ஒருவர் என்று எல்லோரையும் பார்த்தார். வாய் திறந்தது. "நிலவே," என்று ஒரு காற்று மட்டும் வந்தது. காது வரை சிவந்துபோய் நிறுத்திக்கொண்டார்.

"அங்க வந்து பாடினாப் போதும்," என்றார் பெரியவர், பெரிய மனதோடு. "அந்தம்மா பாட்டுலேர்ந்துதான் எடுத்தேன், ரகசியச் சொல் 'செருப்பு'. எடுத்துக்கோங்க."

மாப்பிள்ளை போனில் அதைத் தட்டியதும் விற்பனைப் பட்டியலிலிருந்து இருபத்து மூன்று விலகிக்கொண்டது.

"அப்ப நீ?" என்று மனைவியைக் கேட்டார்.

"எனக்கு மூணு மணி நேரம் யாரும் இல்லாத வீடு கிடைக்குது. அதை எந்தத் தளத்துலயும் வாங்க முடியாது." அண்ணியும் பிரேக்கும் கிளம்பும்போது அவனைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தாள். "துப்பறியறவங்கதானே நீங்க, அவர் பாடினாரா இல்லையான்னு மட்டும் எப்படியாவது எனக்குத் தெரிஞ்சாகணும்."

வெளியே வந்து காரில் ஏறும்போது மணி ஐந்தாகியிருந்தது. அண்ணி ஆபீஸ் பக்கம் திரும்பாமல் வண்டியை நேரே விட்டாள். மறுபடி முணுமுணுப்பு ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வா. பிரேக் தன் காலைப் பார்த்தான், அப்புறம் அண்ணியின் புதுச் செருப்பைப் பார்த்தான். ஆபீசிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்த சிறுகல் கையில் வந்து விழுந்தது.

"அண்ணி, ஒரு சந்தேகம். ஆபீஸ்ல அவர் போனை நீட்டினப்போ நீங்க கண்ணாடியைக் கழற்றித் துடைச்சுக்கிட்டிருந்தீங்க."

"ம்."

"கண்ணாடி இல்லாம உங்களுக்குச் சுவத்துல இருக்கற காலண்டரே தெரியாது. இருபத்தொண்ணு போயிடுச்சு, இருபத்து மூணு நிக்குதுன்னு எப்படிப் படிச்சீங்க?"

அவன் கால் பழக்கப்படி தரையை மிதித்தது. வண்டி நிஜமாகவே நின்றது. இந்தத் தடவை மிதித்தது அண்ணி.

அண்ணி கைப்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவனிடம் நீட்டினாள். வரிசை சி, இருக்கை 21. கீழே அண்ணியின் முழுப் பெயர் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது.

"நாலு நாள் முன்னாடி வாங்கினேன்," என்றாள். "அந்த எச்சரிக்கையைப் படிச்சதும் விட மனசு வரலை. பதினெட்டு வருஷத்துல அவ்வளவு நேர்மையான வரி விளம்பரம் நான் பார்த்ததே இல்ல, பிரேக்கு."

"அப்ப அவர் வந்து உக்காந்தப்போ..."

"பயந்தே போயிட்டேன். திருட்டு டிக்கெட்டா இருந்தா நான் போக முடியாது. திருப்பிக் குடுக்கவும் முடியாது, ஒரு தடவைதான் கை மாறும். வித்தவர் நல்லவரா இருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் பூரா நேரமும் துப்பறிஞ்சேன்."

பிரேக் மூன்று வருடமாகக் காத்திருந்த தருணம் இது. கிண்டல்கள் மனதுக்குள் வரிசை கட்டி நின்றன. அண்ணியின் முகத்தைப் பார்த்தான். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்கு நிற்கிற பெண் மாதிரி இருந்தாள்.

"பிழை ஒண்ணுதானே," என்றான். "அச்சுக்குப் போகட்டும் விடுங்க. ஆனா வண்டியை இனிமே நான் ஓட்டறேன்."

அரங்கத்து வாசலில் அவளை இறக்கிவிட்டு, வாகனங்கள் நிற்கும் இடத்தில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தான். பெரியவரும் மாப்பிள்ளையும் ஸ்கூட்டரில் வந்து இறங்குவதைப் பார்த்தான். மாப்பிள்ளையின் முகம் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் மாதிரி இருந்தது.

ஏழே காலுக்கு அண்ணியிடமிருந்து செய்தி வந்தது. "இடைவேளை. 1-1-0."

பிரேக் வாய்விட்டுச் சிரித்தான். அதை அப்படியே மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு அனுப்பினான். "எனக்குத் தெரியும்" என்று அங்கிருந்து ஒரு வரி வந்தது. அதில் சிரிப்பு இல்லை.

அப்புறம் ஒரு மணி நேரம் எதுவும் வரவில்லை. பிரேக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுத்தான். உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்கவில்லை. கடைசியில் ஒரு பெரிய கைதட்டல் மட்டும் வந்து, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் போன் துடித்தது.

"செருப்புப் பாட்டு. 1-1-1. சுருதி எப்படி என்று மட்டும் கேட்காதே."

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு '1-1-1' என்று மட்டும் தட்டி அனுப்பினான். பதில் வர வெகு நேரம் ஆனது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இந்தத் தடவை அவன் யூகிக்க முயற்சிக்கவில்லை.

கடைசியில் வந்தது.

"மூணு வேளையுமா? ஐயோ, இனி நான் எங்கே போவேன்!"